ரெய்ட் 1 மிரரில் ஒரு தட்டு விழுந்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இரண்டு சாட்டா வன்தட்டுகள், அவற்றின்மேல் ஒரே தரவை இரண்டிலும் எழுதி வைக்கும் மிரரான லினக்ஸ் கெர்னலின் எம்டி ரெய்ட் 1, அதன்மேல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை, வெளியே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி போட்ட ஒரு சின்ன யூபிஎஸ். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும் ஒரு பாடசாலையின் புள்ளிப் பதிவும் இப்படியொரு பெட்டிக்குள் இருக்கக்கூடும். பங்குனி, சித்திரையில் பின்னேர இடியும் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையும் மின்சாரத்தை எடுத்துவிட்டுத் திருப்பித் தரும்போதுதான் இந்தப் பெட்டிகளில் கோளாறு வெளிப்படும். இந்தக் குறிப்பு அந்த அமைப்புக்கானது. கட்டளைகளையும் கெர்னல் பதிவின் வரிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். விசைப்பலகையில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள்.

பிழை வரும் ஒவ்வொரு முறையும் மிரர் நிரல் இரண்டு விடயங்களைத்தான் முடிவு செய்கிறது. இனி எந்தத் தட்டை நம்பக்கூடாது என்பது ஒன்று. மேலே காத்திருக்கும் கோப்பு முறைமைக்கு என்ன பதில் சொல்வது என்பது மற்றது. திரையில் நீங்கள் காணும் அறிகுறி எதுவானாலும் அந்த முடிவுகளில் ஒன்றின் தடம்தான். நிரல் எந்தக் கிளையில் போனது என்று தெரிந்த பிறகே ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டும்.

முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

மறுதொடக்கம் செய்யாதீர்கள். கெர்னல் பதிவு முழுவதையும், மிரரின் நிலையைக் காட்டும் ப்ரோக் அடைவின் எம்டிஸ்டாட் கோப்பையும், மிரரை நிர்வகிக்கும் எம்டிஆட்ம் கட்டளையின் ‘டீட்டெயில்’ வெளியீட்டையும், இரண்டு தட்டுகளின் பகிர்வுக்கும் (பார்ட்டிஷன்) தனித்தனியே ‘எக்ஸாமின்’ வெளியீட்டையும், தட்டு தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் முழு அறிக்கையையும் ஒரு பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். மிரரின் மேலேயே சேமித்தால் பின்னர் படிக்கக் கிடைக்காமல் போகலாம்.

செய்யக்கூடாதவை மூன்று. எம்டிஆட்மின் ‘கிரியேட்’ விருப்பைத் தொடாதீர்கள். புதிய சூப்பர்பிளாக் (மிரர் தன் விவரங்களை ஒவ்வொரு தட்டிலும் பதிந்து வைக்கும் பகுதி) எழுதப்பட்டால் பழைய வரலாறு அழியும், தரவு தொடங்கும் இடமும் மாறிவிடலாம். தனித் தட்டின் பகிர்வில், கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே ஓட்டாதீர்கள். மிரருக்குத் தெரியாமல் ஒரு பக்கம் மட்டும் மாறும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரை நம்பித் தட்டைக் கழற்றாதீர்கள். அவை தொடக்கத்துக்குத் தொடக்கம் மாறக்கூடியவை. தொடர் இலக்கத்தைப் பார்த்துத் தட்டின் லேபிளோடு ஒப்பிடுங்கள். நல்ல தட்டைக் கழற்றிக் கெட்டதை விட்டுவைப்பதுதான் இந்த வேலையில் தரவைக் கொல்லும் முதல் காரணம்.

அறிகுறி: எம்டிஸ்டாட்டில் ஒரு ‘யூ’ போய் அடிக்கோடு வந்திருக்கிறது

இரண்டு ‘யூ’ நிற்க வேண்டிய இடத்தில் ஒரு ‘யூ’வும் ஒரு அடிக்கோடும், தட்டின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எஃப்’. ஒரு தட்டு வெளியேற்றப்பட்டுவிட்டது. தட்டு செத்துவிட்டது என்பது இதன் பொருளல்ல. ஏன் வெளியேற்றப்பட்டது என்பதைக் கெர்னல் பதிவில் ‘டிஸ்க் ஃபெயிலியர்’ என்ற வரிக்கு மேலேயுள்ள சில வரிகள் சொல்லும்.

படிப்புப் பிழை ஒன்றே தட்டை வெளியேற்றுவதில்லை. ஒரு செக்டரைப் படிக்க முடியாதபோது எம்டி நிரல் புதிய வேலைகளைச் சற்று நிறுத்தி, மற்றத் தட்டிலிருந்து அதைப் படிக்கிறது. அந்த நல்ல தரவைக் கெட்ட இடத்தில் எழுதி, மறுபடி படித்துப் பார்க்கிறது; அதன் பிறகே கேட்ட தரவை மேலே தருகிறது. எழுதும்போது தட்டின் ஃபேர்ம்வேர் பழுதான செக்டருக்குப் பதில் உபரி செக்டரை ஒதுக்கிக்கொள்ளும். வெற்றியானால் ‘ரீட் எரர் கரெக்டட்’ என்ற வரி வரும், எட்டு செக்டர் அளவிலேயே இது நடக்கும், ‘யூ’ இரண்டும் அப்படியே இருக்கும். அந்தத் திருத்த எழுத்தே (எழுதும் வேலையே) தோற்று, அந்த இடத்தைப் பின்னால் வரும் கெட்ட செக்டர் பட்டியலிலும் பதிய முடியாவிட்டால்தான் தட்டு வெளியேறும்.

ஆகவே ‘எஃப்’ விழுந்திருந்தால் பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்து தோற்றிருக்கிறது. பதிவில் ‘சூப்பர்-ரிட்டன் கெட்ஸ் எரர்’ என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மிரர் தன் சூப்பர்பிளாக்கையே அந்தத் தட்டில் எழுத முடியாமல் கைவிட்டிருக்கிறது. தட்டு முழுவதுமாகப் பதில் தராமல் போனதன் அடையாளம் இது. செக்டர் பழுதை விட இணைப்பையோ மின்வழங்கலையோதான் இங்கே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்மார்ட் அறிக்கையில் நான்கு எண்களைப் பாருங்கள். 5ஆம் பண்பு ஏற்கெனவே மாற்றப்பட்ட செக்டர்கள். 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 திருத்த முடியாதவை. 199 தட்டுக்கும் மதர்போட்டுக்கும் இடையே கேபிளில் கெட்டுப்போன பரிமாற்றங்கள். 199 ஏறிக்கொண்டிருந்து மற்ற மூன்றும் 0 என்றால் தட்டைக் குற்றம் சொல்லாதீர்கள்: இயந்திரத்தை நிறுத்தி, சாட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் செருகுங்கள். ஏ9 வீதியோரக் கட்டடங்களில் செம்மண் தூசி செருகியின் தொடுமுனை வரை போகும். ஈரப்பதம் கூடினால் அது இன்னும் மோசம். 199 ஒருபோதும் குறையாது. எனவே இன்றைய எண்ணை எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் கேபிள்தான் காரணம். ஒரே பவர் கேபிளில் இரண்டு தட்டும் தொங்கினால் அதையும் பிரியுங்கள். பழைய பவர் சப்ளையில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் தளர்ந்தால், தட்டு நடுவில் நின்று திரும்பச் சுழலத் தொடங்கும். ஸ்மார்ட்டின் 12ஆம் பண்பு, அதாவது மின் சுழற்சி எண்ணிக்கை, நீங்கள் இயந்திரத்தைப் போட்டு நிறுத்தியதை விட வேகமாக ஏறுகிறதா என்பதே அதற்குச் சாட்சி.

5உம் 197உம் ஏறினால் விவாதம் வேண்டாம், தட்டை மாற்றுங்கள்.

மாற்றும் விதத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். தட்டு தளர்ந்திருக்கிறது, ஆனால் இன்னும் வெளியேறவில்லை. மதர்போட்டில் மூன்றாவது சாட்டா போர்ட்டும் இருக்கிறது. அப்படியென்றால் பழையதைக் கழற்றாமல் புதியதை மூன்றாவதாகச் செருகி ‘ஆட்’ செய்து, எம்டிஆட்மின் ‘ரிப்ளேஸ்’, ‘வித்’ விருப்புகளால் மாற்றச் சொல்லுங்கள். பிரதி முடியும்வரை பழைய தட்டும் மிரரில் உறுப்பாகவே இருக்கும்; நல்ல தட்டில் ஒரு செக்டர் படிக்காமல் போனால் தளர்ந்த தட்டே கைகொடுக்கும். கொழும்பிலிருந்து தட்டு பஸ்ஸில் வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தாலும், தளர்ந்த தட்டை முன்கூட்டியே ‘ஃபெயில்’ செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். புதிய தட்டு அதே கொள்ளளவு என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் சில மெகாபைட் குறைந்திருந்தால் எம்டிஆட்ம் ஏற்காது. முதன்முதலில் பகிர்வு பிரிக்கும்போதே கடைசியில் 100 மெகாபைட் விட்டுவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அறிகுறி: இயந்திரம் ஒன்றிரண்டு நிமிடம் உறைந்து, பிறகு தட்டு போய்விட்டது

கடையில் கிடைக்கும் சாதாரண மேசைக்கணினித் தட்டுகளோடு இது அடிக்கடி வருவது. இதில் யார் மீதும் குற்றமில்லை. இரண்டு பேரின் பொறுமை பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

மேசைக்கணினித் தட்டு தான் தனியே இருப்பதாக நினைக்கிறது. ஒரு செக்டர் படிக்காவிட்டால் ஒரு நிமிடத்துக்கு மேலும் திரும்பத் திரும்ப முயலும். லினக்ஸ் கெர்னலோ ஒரு கட்டளைக்கு 30 நொடிதான் காத்திருக்கும். 30 நொடி கடந்தால் கட்டளையை ரத்துச் செய்து, இணைப்பை மீளமைக்கப் பார்க்கும். தட்டு இன்னும் அந்த ஒரு செக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதால் அதற்கும் பதில் வராது. முடிவில் தட்டு முழுவதும் தொடர்பற்றதாக அறிவிக்கப்படும், மிரர் வெளியேற்றும். ஒரு செக்டரை மற்றத் தட்டிலிருந்து எழுதித் திருத்தியிருக்கலாம். மாறாக ஒரு தட்டு முழுவதையும் இழந்தீர்கள்.

தீர்வு, தட்டின் முயற்சி நேரத்தைக் கெர்னலின் பொறுமைக்குக் கீழே கொண்டுவருவது. ஸ்மார்ட்சிடிஎல்லில் ‘எல்’ விருப்போடு ‘எஸ்சிடிஈஆர்சி’ என்பதற்கு 70, 70 கொடுங்கள். அலகு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே படிப்புக்கு 7 நொடி, எழுத்துக்கு 7 நொடி. தட்டு அதை ஏற்கவில்லை என்றால் மறுபக்கத்தை நீட்டுங்கள்: சிஸ் அடைவில் அந்தத் தட்டின் ‘டிவைஸ்’ அடைவுக்குள் உள்ள ‘டைம்அவுட்’ கோப்பில் 180 என்று எழுதுங்கள். அப்போது உறைவு இருக்கும், ஆனால் தட்டு வெளியேறாது. பிழை ஒழுங்காக வந்து, திருத்தக் கிளை ஓடும்.

இதை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட முடியாது. 70 என்ற அந்த அமைப்பு மின்சாரம் போனால் பல தட்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 180 ஒவ்வொரு தொடக்கத்திலும் 30 ஆகிவிடும். மின்வெட்டு வாரத்துக்கு ஒன்று வரும் இடத்தில் கையால் அடிப்பதில் பயனில்லை. யூடெவ் விதியாகவோ தொடக்க ஸ்கிரிப்டாகவோ போட்டு, தட்டு தோன்றும்போதே இரண்டும் அமைய வேண்டும்.

அறிகுறி: மின்வெட்டுக்குப் பின் ‘கிக்கிங் நான்-ஃப்ரெஷ்’ என்ற வரி

மிரரின் உறுப்புத் தட்டு ஒவ்வொன்றும் சூப்பர்பிளாக்கில் ‘ஈவென்ட்ஸ்’ என்ற எண்ணை வைத்திருக்கிறது. மிரரின் நிலை மாறும்போதெல்லாம் அது ஏறும். ஒரு தட்டு வெளியேற்றப்பட்ட பிறகு எஞ்சியதில் மட்டும் ஏறும். தொடங்கும்போது எண் அதிகமுள்ளதைப் புதியது என்று எடுத்து, பின்தங்கியதைக் கெர்னல் தள்ளி வைக்கிறது. எண்ணில் ஒன்றே ஒன்று மட்டும் குறைந்திருந்தால் மன்னித்துவிடும். சூப்பர்பிளாக்குகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அப்படித்தான் இருக்கும்.

எக்ஸாமின் வெளியீட்டில் ஈவென்ட்ஸ் எண், ‘அப்டேட் டைம்’, ‘அரே ஸ்டேட்’ மூன்றையும் இரண்டு தட்டிலும் பாருங்கள். பின்தங்கிய தட்டின் நேரம் இன்றைய மின்வெட்டு நேரமாகவே இருந்தால் தட்டு அந்த நேரத்தில் விழுந்தது. மூன்று மாதத்துக்கு முந்திய திகதி காட்டினால் மிரர் மூன்று மாதமாகவே ஒற்றைத் தட்டில் ஓடியிருக்கிறது, யாரும் பார்க்கவில்லை. அதற்கும் இடி, மின்னலுக்கும் தொடர்பில்லை.

எந்தப் பகுதிகளில் எழுதப்பட்டது என்று குறித்து வைக்கும் பிட்மேப் இருந்தால், தள்ளி வைக்கப்பட்ட தட்டை ‘ரீ-ஆட்’ செய்யுங்கள். பிரிந்திருந்த காலத்தில் எழுதப்பட்ட பகுதிகள் மட்டும் பிரதியாகும். பொதுவாக ஒரு பிட் 64 மெகாபைட்டைக் குறிக்கும், ஆகவே சில நிமிட வேலை. பிட்மேப் இல்லையென்றால் ரீ-ஆட் மறுக்கப்படும், ‘ஆட்’ செய்து முழுத் தட்டையும் ஒத்திசைக்க வேண்டும். 1 டெராபைட் தட்டு, நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 மணி 47 நிமிடம். அந்தச் சின்ன யூபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. இடையில் மின்சாரம் போனாலும் எம்டி இடையிடையே பதிந்த இடத்திலிருந்து தொடரும். ஆனாலும் மேகம் கூடும் பின்னேரத்தில் தொடங்காமல் காலையில் தொடங்குவது புத்தி.

இனி, இதே அறிகுறிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தான வடிவம். திங்களன்று இரண்டாம் தட்டின் கேபிள் தளர்ந்தது, முதல் தட்டில் மட்டும் வேலை நடந்தது. புதனன்று யாரோ பெட்டியைத் திறந்து தூசி தட்டினார்கள். இரண்டாம் தட்டு இணைந்தது, முதல் தட்டின் கேபிள் கழன்றது. இயந்திரம் இரண்டாம் தட்டில் மட்டும் தொடங்கியது, அன்றும் வேலை நடந்தது. வெள்ளியன்று இரண்டும் இணைந்தன. ஒரே கணக்குக்கு இரண்டு பேரேடு, இரண்டிலும் மற்றதில் இல்லாத பதிவுகள். ஈவென்ட்ஸ் எண் கூடியதை நம்பினால் ஒரு நாள் கணக்கு அழியும்.

இதைக் கண்டுபிடிப்பது அரே ஸ்டேட் வரியில். முதல் தட்டு இரண்டாமது இல்லை என்கிறது, இரண்டாமது முதலாவது இல்லை என்கிறது. எம்டிஆட்ம் இதைப் பார்த்து, மற்றத் தட்டு பழுது என்று சொல்லும் தட்டைப் புறக்கணிப்பதாக ஒரு வரி தரும். அந்த வரியைக் கண்டால் ரீ-ஆட் அடிக்காதீர்கள். ஒரு தட்டைக் கழற்றி வைத்து, மற்றதை ‘ரன்’, ‘ரீட்ஒன்லி’ விருப்புகளோடு ஒன்றுசேர்த்து, எக்ஸ்ட்4ஐ வாசிப்பு மட்டும் நிலையில் ‘நோலோட்’ விருப்போடு ஏற்றுங்கள். நோலோட் இல்லாவிட்டால் ஜேர்னலை (முடியாத எழுத்துகளின் பதிவை) மீள ஓட்ட முயலும். அன்றைய கோப்புகளை வெளித் தட்டுக்கு எடுங்கள். பிறகு தட்டை மாற்றி அதையே செய்யுங்கள். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பவர் சொன்ன பிறகு, மற்றத் தட்டின் சூப்பர்பிளாக்கை அழித்து, புதிய தட்டைப் போல ஆட் செய்யுங்கள். நிற்காத பக்கத்துப் பதிவுகளைக் கையால்தான் திரும்ப ஏற்ற வேண்டும்.

அறிகுறி: மீள்கட்டல் ஒரே சதவீதத்தில் நின்றுவிடுகிறது

புதிய தட்டு போட்டீர்கள், 61 சதவீதம் வரை போனது, நின்றது. திரும்பப் போட்டாலும் அதே இடம். பழுது புதிய தட்டில் இல்லை. பிரதிக்கு மூலமாக எஞ்சியிருக்கும் பழைய தட்டில் படிக்க முடியாத செக்டர் இருக்கிறது. அதைத் திருத்த வேறு தட்டு இல்லாததால் நிரலுக்கு வழியில்லை. பதிவில் ‘அன்ரெக்கவரபிள்’ என்ற சொல்லோடு ஒரு வரி நிற்கும்.

சூப்பர்பிளாக் 1.2 வகையில் கெட்ட செக்டர் பட்டியல் இருந்தால் காட்சி வேறு. மீள்கட்டல் நிற்காமல் முடிந்துவிடும், இரண்டு ‘யூ’வும் வரும், எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். ஆனால் அந்தச் செக்டர்கள் இரண்டு தட்டின் பட்டியலிலும் ஏறியிருக்கும். பிறகு ஒரு கோப்பைத் திறக்கும்போது பிழை வரும், புத்தம்புதிய தட்டின் ஸ்மார்ட் அறிக்கையோ சுத்தமாக இருக்கும். இது எங்கள் பார்வையில் நிற்பதை விட மோசம், ஏனென்றால் சத்தமில்லாதது. ஒவ்வொரு மீள்கட்டலுக்கும் பின் எம்டிஆட்மின் ‘எக்ஸாமின்-பேட்பிளாக்ஸ்’ விருப்பை இரண்டு தட்டிலும் ஓட்டிப் பாருங்கள். எழுத்துப் பிழைகளும் இதே பட்டியலில்தான் ஏறுகின்றன: எழுத முடியாத பகுதியை நிரல் சிறு துண்டுகளாக்கி மறுபடி எழுதிப் பார்த்து, தோற்ற துண்டுகளை மட்டும் பதிந்துவிட்டுத் தட்டை வைத்துக்கொள்ளும். பட்டியலில் 512 பதிவுகளுக்கு இடம் உண்டு. அது நிரம்பினால்தான் வெளியேற்றம்.

முதல் வேலை, கழற்றிய பழைய தட்டைத் தேடுவது. குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம். அது சுழல்கிறதென்றால் உங்களுக்கு வேண்டிய அந்தச் சில செக்டர்கள் அதில் நன்றாகவே இருக்கலாம். பழுதான தட்டைப் பிரதியெடுக்கும் டிடிரெஸ்க்யூ கருவியால் எஞ்சிய தட்டை ஒரு புதிய தட்டுக்கு, எந்த இடம் படிக்கப்பட்டது என்று பதியும் வரைபடக் கோப்போடு பிரதி செய்யுங்கள். பிறகு அதே வரைபடக் கோப்பைக் கொடுத்துப் பழைய தட்டிலிருந்து ஓட்டினால் விடுபட்ட இடங்களை மட்டும் அது நிரப்பும். இரண்டு தட்டிலும் பகிர்வு ஒரே செக்டரில் தொடங்க வேண்டும், டேட்டா ஆஃப்செட்டும் (பகிர்வுக்குள் தரவு தொடங்கும் இடம்) ஒன்றாக இருக்க வேண்டும். இடைக்காலத்தில் அந்தச் செக்டர்களில் புதிதாக எழுதப்பட்டிருந்தால் கிடைப்பது பழைய உள்ளடக்கம் என்பதையும் மறக்காதீர்கள்.

பழைய தட்டு இல்லையென்றால், எந்தக் கோப்பு போனது என்றாவது கண்டுபிடிக்கலாம். கெர்னல் பதிவு தட்டின் 976312400ஆம் செக்டர் என்கிறது. பகிர்வு 2048இல் தொடங்குகிறது. எக்ஸாமின் வெளியீட்டில் ‘டேட்டா ஆஃப்செட்’ 264192 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கழித்தால் 976046160. எக்ஸ்ட்4இன் தொகுதி 4096 பைட் என்றால் எட்டால் வகுக்க வேண்டும்: 122005770. டீபக்எஃப்எஸ் கருவியில் ‘ஐசெக்’ இந்தத் தொகுதி எந்த ஐநோடுக்கு (கோப்பின் உள் எண்) உரியது என்று சொல்லும். ‘என்செக்’ அந்த ஐநோடின் கோப்புப் பெயரைத் தரும். மிரருக்கும் கோப்பு முறைமைக்கும் இடையில் எல்விஎம் என்ற அடுக்கு இருந்தால் அதன் ஆஃப்செட்டையும் கழிக்க வேண்டும். தொகுதி யாருக்கும் உரியதல்ல என்றாலோ, கோப்பின் நகல் வேறிடத்தில் இருந்தாலோ, கோப்பு முறைமையை இறக்கிவிட்டு எம்டி சாதனத்தின் வழியாக அந்த ஒரு தொகுதியில் மட்டும் பூச்சியம் எழுதுங்கள். எழுத்து வெற்றியானால் தட்டு உபரி செக்டரை ஒதுக்கும், மீள்கட்டல் அந்த இடத்தைத் தாண்டும். எண்ணை இருமுறை சரிபாருங்கள். ஒரு இலக்கம் தவறினால் நல்ல கோப்பொன்றில் பூச்சியம் விழும்.

அறிகுறி: எல்லாம் நலம், ஆனால் ‘மிஸ்மேட்ச்-கவுண்ட்’ 0 இல்லை

‘செக்’ ஓட்டம் இரண்டு தட்டையும் படித்து ஒப்பிடுகிறது. வேறுபாடு இருந்தால் எண்ணுகிறது, தொடுவதில்லை. எண் செக்டரில் வரும், ஆனால் ஒப்பீடு பெரிய துண்டுகளில் நடப்பதால் ஒரேயொரு வேறுபாடும் 128 என்று காட்டக்கூடும். பெரிய எண்ணைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை.

ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையாகத் தட்டில் ஒதுக்கும் இடம்) இந்த மிரரில் இருந்தால் சிறிதளவு வேறுபாடு இயல்பு. நினைவகப் பக்கம் ஒன்று முதல் தட்டுக்குப் போனதற்கும் இரண்டாவதுக்குப் போனதற்கும் இடையில் மாறிவிடலாம். அந்தப் பக்கம் இனித் தேவையில்லை என்று கெர்னல் விட்டுவிட்டால் யாரும் அதைப் படிப்பதில்லை. ஸ்வாப்பை நிறுத்தி, அந்தப் பகுதியைப் பூச்சியத்தால் நிரப்பி, மீண்டும் ஸ்வாப்பாக ஆக்கி, செக் ஓட்டுங்கள். எண் 0 ஆனால் விடயம் முடிந்தது.

ஆகவில்லை என்றால் ‘ரிப்பேர்’ என்று எழுதக் கை போகும். வேண்டாம். ரெய்ட் 1இல் ரிப்பேருக்கு எது சரி என்று தெரியாது. முதலில் கிடைத்த தட்டின் உள்ளடக்கத்தை மற்றதன்மேல் எழுதுவதுதான் அதன் வேலை. முதலில் நினைவகத்தை மெம்டெஸ்ட்டால் ஓர் இரவு சோதியுங்கள், கேபிளைப் பாருங்கள், பிறகு மேலே சொன்னபடி இரண்டு பக்கத்தையும் தனித்தனியே வாசிப்பு நிலையில் ஏற்றிக் கோப்புகளின் சரிபார்ப்புத் தொகைகளை ஒப்பிடுங்கள்.

டெபியனில் இந்தச் செக் ஓட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு 12.57க்குத் தொடங்கும்படி நெடுங்காலம் அமைந்திருந்தது. பின்னேரம் 4.15க்குச் சேர்வரையும் நிறுத்திவிட்டுப் போகும் அலுவலகத்தில் அது ஒருநாளும் ஓடாது. படிக்கப்படாத மூலையில் செக்டர் கெட்டுக் கிடக்கும். மற்றத் தட்டு விழுந்து மீள்கட்டும் நாளில்தான் தெரியவரும். புதன் காலை 9 மணிக்கு என்று மாற்றி எழுதுங்கள். மின்னஞ்சல் எச்சரிக்கை போகாத இடத்தில் எம்டிஆட்ம் அமைவுக் கோப்பில் ‘புரோகிராம்’ வரி போட்டு, டொங்கிள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் ஸ்கிரிப்டை அழைக்கச் செய்யலாம்.

அறிகுறி: கோப்பு முறைமை வாசிப்பு மட்டும் நிலைக்குப் போய்விட்டது, எஞ்சிய தட்டில் ‘எஃப்’ இல்லை

இது நிரல் வேண்டுமென்றே எடுக்கும் முடிவு. கடைசி நல்ல தட்டைப் பழுது என்று வெளியேற்றினால் எதுவும் மிஞ்சாது. ஆகவே எம்டி அதை வைத்துக்கொண்டு, பிழையை மேலே அனுப்பிவிடுகிறது. எக்ஸ்ட்4 தன்னைக் காக்க எழுத்தை நிறுத்துகிறது. எழுத்து நிலைக்குத் திரும்ப ஏற்ற முயலாதீர்கள். படிக்கக்கூடியதை முதலில் வெளியே எடுங்கள், பிறகு டிடிரெஸ்க்யூ.

அறிகுறி: எஞ்சிய தட்டோடு இயந்திரம் தொடங்கவே மாட்டேன் என்கிறது

மிரர் நலம். இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரல் ஒரு தட்டில் மட்டும் நிறுவப்பட்டிருக்கிறது, அல்லது தொடக்கக் கோப்புகள் உள்ள யூஈஎஃப்ஐ பகிர்வு மிரருக்கு வெளியே ஒரு தட்டில் மட்டும் இருக்கிறது. மீட்புப் பென் டிரைவால் தொடங்கி இரண்டாம் தட்டிலும் நிறுவுங்கள். தட்டு மாற்றிய நாளிலேயே செய்ய வேண்டியது இது.

நிரலைப் படிப்பவர்களுக்கு

அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ பணிசெயல் முறைமை படிக்கும் மாணவர் எம்டி நிரலையோ தாமே எழுதிய மிரர் நிரலையோ ஆராய்வதென்றால், வெற்றிக் கிளையை விட்டுவிட்டு இந்த இடங்களைப் பாருங்கள்.

எழுத்து ஒரு தட்டில் வென்று மற்றதில் தோற்றால் மேலே ‘வெற்றி’ என்று எப்போது சொல்லப்படுகிறது? தோற்ற தட்டு பழுது என்று எஞ்சிய தட்டின் சூப்பர்பிளாக்கில் பதிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். முந்திச் சொல்லி, அந்த நொடியில் மின்சாரம் போனால், அடுத்த தொடக்கத்தில் இரண்டு தட்டும் சமமாகத் தெரியும். பழைய தரவு படிக்கப்படலாம். லினக்ஸ் எம்டியிலேயே ரெய்ட் 1க்கான இந்த வரிசை 2015இல்தான் உறுதிப்படுத்தப்பட்டது.

எல்லாப் பிழையும் தட்டின் பிழையா? தட்டு ஆதரிக்காத ‘டிஸ்கார்ட்’ கட்டளை (இந்த இடம் இனித் தேவையில்லை என்று சொல்வது) தோற்பதும் நினைவகம் ஒதுக்க முடியாமல் போவதும் தட்டை வெளியேற்றக் காரணமாகக்கூடாது. இடையகத்திலுள்ளதைத் தட்டில் நிலையாக எழுதச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளை தோற்றால் மட்டும் எழுத்துத் தோல்வியாகவே கொள்ள வேண்டும். படிப்புத் திருத்தம் நடக்கும் நேரத்தில் அதே செக்டருக்குப் புதிய எழுத்து வந்தால் தடுக்கப்படுகிறதா? தடுக்காவிட்டால் திருத்தம் பழைய தரவைப் புதியதன்மேல் எழுதும்.

சோதனைக்குத் தட்டு வாங்க வேண்டியதில்லை. 512 மெகாபைட்டில் இரண்டு கோப்புகள், அவற்றைத் தட்டு போலக் காட்டும் இரண்டு லூப் சாதனங்கள். ஒன்றின்மேல், கெட்ட செக்டர்களைச் செயற்கையாக உண்டாக்கும், 2019இல் கெர்னல் 5.2உடன் வந்த டிஎம்-டஸ்ட்டை 512 பைட் தொகுதியோடு போட்டு, மற்றதை ‘ரைட்-மோஸ்ட்லி’ என்று குறித்து மிரர் கட்டுங்கள். அப்போதுதான் படிப்பு டஸ்ட் பக்கம் போகும். முதல் ஒத்திசைவு முடிந்த பின்னரே கெட்ட தொகுதியைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் எழுதினால் டஸ்ட் அந்தப் பதிவை நீக்கிவிடும். மெய்யான தட்டு உபரி செக்டர் ஒதுக்குவது போலத்தான் அது நடந்துகொள்கிறது. தொகுதி எண்ணோடு டேட்டா ஆஃப்செட்டைக் கூட்ட மறக்காதீர்கள். ‘எனேபிள்’ செய்தி அனுப்பி, டிடி கட்டளையில் ‘டைரக்ட்’ கொடியோடு படியுங்கள். இல்லையென்றால் நினைவக இடையகமே பதில் சொல்லிவிடும். ‘ரீட் எரர் கரெக்டட்’ வர வேண்டும், டஸ்ட்டின் பட்டியலிலிருந்து அந்த எண் போயிருக்க வேண்டும்.

எழுத்துத் தோல்விக்கு, இடைவெளி விட்டுத் தோற்கும் சாதனத்தைப் போல நடிக்கும் டிஎம்-ஃப்ளேக்கியின் ‘எரர்-ரைட்ஸ்’ வசதி. சாதனம் முழுவதற்கும் போட்டால் சூப்பர்பிளாக் எழுத்தும் தோற்று, தட்டு உடனே வெளியேறும். அது ஒரு கிளையை மட்டும் சோதிக்கும். சிறு துண்டாக்கிப் பட்டியலில் பதியும் கிளையைக் காண, அட்டவணையை இரண்டு வரியாக எழுதுங்கள்: தொடக்கத்திலிருந்து டேட்டா ஆஃப்செட் வரை லீனியர், அதற்குப் பிறகு ஃப்ளேக்கி. 1.2 வகையில் சூப்பர்பிளாக் சாதனத் தொடக்கத்திலிருந்து 4 கிலோபைட் தள்ளி இருப்பதால் அது பாதுகாப்பான பகுதிக்குள் விழும். ஃப்ளேக்கி தோற்கும் இடைவெளியில் டைரக்ட் கொடியோடு எழுதினால், எம்டிஸ்டாட்டில் இரண்டு ‘யூ’வும் நிற்க, எக்ஸாமின்-பேட்பிளாக்ஸில் எண்கள் ஏறும். ஏறாமல் எழுத்து வெற்றி என்று திரும்பியிருந்தால், பிழை அந்தக் கிளையில்தான்.